கல்லுக்கு ஒரு வாய், மரத்துக்கு ஒரு வாய்

காஞ்சிபுரத்தை அடுத்த கூரம் என்னும் சிற்றூர் பல்லவர் செப்பேட்டுக்காகவும் வைணவ ஆசாரியர் கூரத்தாழ்வானுக்காகவுமே பெரும்பாலும் நினைக்கப்படுகிறது என்றாலும், வெட்டுக் கருவிகளின் இயல்பை ஆராய்வோருக்கும் அவ்வூரில் நல்ல சான்றுகள் உண்டு. 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தில் அங்கே வித்யாவினீத பல்லவ பரமேசுவரகிருகம் என்ற சிவன் கோயில் கருங்கல்லில் எழுந்தது. அதற்கு அளித்த கொடை செப்புத் தகடுகளில் வடமொழியிலும் தமிழிலும் வெட்டப்பட்டது. அவ்வூரில் கிடைத்த பல்லவர் காலத்து நடராசர் வெண்கலத் திருமேனி இன்று சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கூரத்தாழ்வான் மாளிகையின் கதவுகளை இரவில் அடைக்கும் ஓசை காஞ்சி வரதராசர் கோயில்வரை கேட்டதாகக் குருபரம்பரைக் கதைகள் கூறுகின்றன. அக்கதையின் மிகையைக் கழித்துவிட்டாலும் தச்சனின் உளி ஒன்று அங்கே மிஞ்சுகிறது. கல், செம்பு, வெண்கலம், மரம் ஆகிய நான்கும் ஒரே ஊரில் வெட்டப்பட்டும் செதுக்கப்பட்டும் இருக்கின்றன. ஒன்றை வெட்டிய கருவியால் மற்றொன்றை வெட்டியிருக்க முடியாது.

இன்று கடையில் மின்கருவிக்குப் பிளேடு வாங்க வருபவர் பெரும்பாலும் விட்டத்தையும் விலையையும் கேட்கிறாரே தவிர, எதை வெட்டப் போகிறோம் என்பதைச் சொல்வதில்லை. ஆனால் கருவியின் வெட்டும் வாயைத் தீர்மானிப்பது வெட்டப்படும் பொருள்தான். கருவியை இயக்குவது கையா மின்சாரமா என்பது அதற்குப் பிந்திய கேள்வி.

வெட்டும் வாய் எதுவாயினும் அடிப்படையில் அது ஓர் ஆப்பு. இரண்டு முகங்கள் சந்திக்கும் விளிம்பு பொருளுக்குள் புகுந்து அதைப் பிளக்கிறது. அந்த விளிம்பு கண்ணுக்குக் கோடாகத் தெரிந்தாலும் உருப்பெருக்கியின் கீழ் பார்த்தால் உருண்டையாகவே இருக்கும். நன்றாகத் தீட்டிய உளியில் அந்த உருண்டையின் ஆரம் ஒரு மைக்ரானுக்கும், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும், குறைவாக இருக்கலாம். மழுங்கிய உளியில் அது பல மடங்கு பெருத்துவிடும். ஆப்பின் இரு முகங்களுக்கு இடைப்பட்ட கோணம் சிறிதாக இருந்தால் வாய் எளிதாகப் புகும், ஆனால் எளிதாக உடையவும் செய்யும்; கோணம் பெரிதானால் வாய் தாங்கும், ஆனால் தள்ளுவதற்கு அதிக விசை வேண்டும். மரத்தச்சர்கள் சீவும் உளியை 25 பாகைக்கு அருகிலும், கொட்டாப்புளியால் அடித்துத் துளையிடும் உளியை 30 முதல் 35 பாகையிலும் தீட்டுவதற்குக் காரணம் இதுதான்.

செம்பு மென்மையானது, ஆனால் ஒட்டும் இயல்புடையது. மழுங்கிய வாயைக் கண்டால் அது வெட்டுப்படாமல் நசுங்கி ஓரங்களில் மேடாக எழும்பும். ஆகவே செப்பேட்டில் எழுத்து வெட்டும் சிற்றுளி, கடினத்தைவிட வழவழப்பையே அதிகம் வேண்டி நிற்கிறது. கருங்கல்லின் கதை இதற்கு நேர் எதிரானது. மாமல்லபுரம், பல்லாவரம் வட்டாரங்களில் காணப்படும் சார்னோக்கைட்டு போன்ற பாறைகளில் ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்சும் கலந்திருக்கின்றன. ஒரு பொருள் மற்றொன்றைக் கீற வல்லதா என்பதை வைத்துக் கடினத்தை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலில் செம்பு 3ஐ எட்டுகிறது, ஃபெல்ட்ஸ்பார் 6, குவார்ட்சு 7. நன்றாகத் தோய்ச்சல் ஏற்றிய எஃகும் 6 முதல் 7க்குள் எங்கோதான் நிற்கிறது. எஃகைவிடக் கடினமான மணிகள் உள்ள கல்லை எஃகால் சீவ முடியாது என்பதால், கற்சிற்பியின் உளி கல்லைச் சீவுவதில்லை. அது அடியின் வேகத்தால் மணிகளுக்கு இடையே உள்ள பிணைப்பை நொறுக்குகிறது. வாய் விரைவில் மழுங்குவது அங்கே குறையன்று, வேலையின் இயல்பே அது. கல்வேலை நடக்கும் இடத்தில் கொல்லனின் உலையும் உடன் இருக்க வேண்டியதாயிற்று.

தோய்ச்சல் என்று கொல்லர்கள் குறிப்பிடும் செயல்முறை, எஃகின் வாயைப் பற்றிய அறிவில் நடுநாயகமானது. சற்றேறக்குறைய 0.6 முதல் 1 விழுக்காடு கரி கலந்த எஃகைச் செந்நிறம் வரும்வரை, அதாவது 800 பாகை செல்சியசுக்கு அருகில், காய்ச்சித் திடீரெனத் தண்ணீரிலோ எண்ணெயிலோ அமிழ்த்தினால், கரியணுக்கள் வெளியேற நேரமின்றி இரும்பின் படிக அமைப்புக்குள் சிக்கிக்கொள்கின்றன. மார்ட்டென்சைட்டு எனப்படும் அந்த இறுக்கமான அமைப்பு மிகக் கடினமானது, ஆனால் கண்ணாடியைப் போல உடையக்கூடியது. எனவே அதை மீண்டும் மிதமாகச் சூடாக்கிச் சற்றுத் தளர்த்த வேண்டும். இந்த இரண்டாவது சூட்டில், துலக்கிய எஃகின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் தோன்றி, 220 பாகையை ஒட்டி வைக்கோல் நிறமாகவும், 270 பாகைக்கு மேல் ஊதாவாகவும், 300 பாகையை நெருங்கும்போது நீலமாகவும் மாறும். சீவும் கருவிக்கு வைக்கோல் நிறம் போதும். அடி வாங்கும் கல்லுளிக்கு ஊதாவரை இறக்குவது வழக்கம். வெப்பமானி இல்லாத பட்டறையில் நிறமே அளவுகோலாக இருந்தது, பல இடங்களில் இன்றும் இருக்கிறது.

இந்த அறிவு தமிழகத்துக்கு வெளியிலிருந்து வந்ததன்று. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணல் அகழாய்விலும், வடதமிழகத்து மேல்சிறுவலூர் ஆய்விலும் மண்குகையில் எஃகு உருக்கியதற்கான தடயங்கள் கிடைத்துள்ளன. இவ்வகைத் தென்னிந்திய எஃகு ஐரோப்பாவில் 'வூட்ஸ்' என்ற பெயரில் அறியப்பட்டது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதன் மாதிரிகள் இலண்டன் அரசுக் கழகத்துக்கு அனுப்பப்பட்டபோது, அறுவைக் கருவிகள் செய்துவந்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட் அதில் கத்தி வாய் வடித்துப் பார்த்துப் பெரிதும் மெச்சினார். பின்னர் 1820 வாக்கில் மைக்கேல் ஃபாரடே அவருடன் சேர்ந்து அதே எஃகின் தன்மையை உலோகக் கலவைகள் மூலம் விளக்க முயன்றார். மின்காந்தத் தூண்டலைக் கண்டறிவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே ஃபாரடே தென்னிந்தியக் கொல்லர்களின் எஃகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார் என்பதை நம் பாடநூல்கள் சொல்வதில்லை.

கரி எஃகுக்கு ஒரு பெருங்குறை உண்டு: வைக்கோல் நிறத்தில் நிறுத்திய கடினம், வேலையின்போது வாய் அதே வெப்பத்தைத் தாண்டினால் போய்விடும். கை இயக்கும் உளியில் அவ்வளவு சூடு ஏறுவதில்லை. இயந்திரத்தில் நொடியில் ஏறும். 1898 முதல் 1900 வரை அமெரிக்காவின் பெத்லகேம் எஃகாலையில் ஃபிரெடரிக் டெய்லரும் மான்செல் ஒயிட்டும் செய்த ஆய்வுகளால் உருவான ஹைஸ்பீடு ஸ்டீல், டங்ஸ்டன் முதலிய தனிமங்களின் துணையால் 600 பாகை வரையிலும் கடினத்தைத் தக்கவைத்தது. அடுத்த பாய்ச்சல் டங்ஸ்டன் கார்பைடு: 1920களில் ஜெர்மனியில் கார்ல் ஷ்ரோட்டர் அதன் துகள்களைக் கோபால்ட்டால் பிணைக்கும் முறையைக் கண்டார், க்ருப் நிறுவனம் அதை 'விடியா' என்ற பெயரில் விற்றது. தமிழ்நாட்டு லேத் பட்டறைகளிலும் தச்சுப் பட்டறைகளிலும் எந்த நிறுவனம் செய்த கார்பைடு முனையும் விடியா டிப் என்றே வழங்குகிறது. கடினமாக்கிய எஃகைவிட இரு மடங்கு கடினமான இந்த முனை, அதே அளவுக்கு நொய்மையானதும் ஆகும். கீழே விழுந்த ரம்ப வட்டில் எஃகுப் பல்லானால் வளையும், கார்பைடு பல்லானால் தெறிக்கும்.

மரவேலைக்குக் கார்பைடு ஏன் வேண்டும் என்ற கேள்விக்குத் தேக்கு மரமே விடை. காஞ்சி வட்டாரத்துத் தச்சர்கள் நிலை, கதவு, சன்னல்களுக்கு விரும்பும் தேக்கில் 1.4 விழுக்காடு வரை மணல்சத்து, அதாவது சிலிக்கா, கலந்திருக்கக் கூடும். மரம் வேரின் வழியே உறிஞ்சித் தன் திசுக்களில் படியவிட்ட அந்த நுண்மணிகள் எஃகின் வாயை அரம்போல் தேய்க்கின்றன. வேங்கையையும் இலுப்பையையும் நாள் முழுக்க அறுத்த எஃகு ரம்பம் தேக்கில் சில மணி நேரத்தில் மழுங்குவதன் காரணம் மரத்தின் கடினம் அன்று, அதனுள் ஒளிந்திருக்கும் மணலே. பிளைவுட்டும் எம்டிஎஃப் பலகையும் இன்னும் மோசம். அவற்றில் உள்ள பசை கார்பைடு வாயையே காலப்போக்கில் தின்றுவிடும்.

பல்லின் எண்ணிக்கையைப் பற்றி நிலவும் மயக்கம் தனியே கவனிக்கத்தக்கது. பல் அதிகமானால் வெட்டு நேர்த்தியாக இருக்கும் என்பது பாதி உண்மை. 10 அங்குல வட்டு ரம்பத்தில் நாரின் நீளவாக்கில் அறுக்க 24 பல் போதுமானது. குறுக்கே அறுக்க 60 அல்லது 80 பல் வேண்டும். நீளவாக்கில் அறுக்கும்போது நார் நீண்ட சுருளாக உரிந்து வருவதால் அதைச் சுமந்து செல்லப் பற்களுக்கு இடையே அகன்ற பள்ளம் தேவை; 80 பல் வட்டில் அந்த இடம் இல்லாததால் தூள் அடைத்து, உராய்ந்து, மரம் கருகும். அப்படிக் கருகும்போது இயக்குபவர் கருவி மெதுவாக இருக்கிறது என்று எண்ணி மேலும் அழுத்துகிறார். உலோகத் தகட்டுக்கோ எதிர்த்திசையில் ஒரு விதி இருக்கிறது: தகட்டின் கனத்துக்குள் எப்போதும் மூன்று பற்களாவது பதிந்திருக்க வேண்டும், இல்லையேல் தகட்டின் விளிம்பு பற்களுக்கு இடையே மாட்டிப் பல்லைப் பிடுங்கிவிடும். 3 மில்லிமீட்டர் ஆங்கிளை அறுக்க அங்குலத்துக்கு 24 பல்லுள்ள ஹேக்சா பிளேடு ஏறத்தாழச் சரியாக வருவதும், அதே கனத்தில் 18 பல் பிளேடு முரண்டு பிடிப்பதும் இதனால்தான்.

சுரண்டி என்ற எளிய கருவிக்கு இத்தனை கணக்கு வேண்டியதில்லை என்று தோன்றும். ஆனால் வாயின் இயற்பியல் முழுவதையும் அது தன் கைப்பிடியற்ற மெல்லிய தகட்டில் அடக்கி வைத்திருக்கிறது. காஞ்சிபுரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் பட்டு நெசவுத் தறியின் மரப் பகுதிகள் எவ்வளவு வழவழப்பாக இருக்க வேண்டும் என்பதை எண்ணிப் பார்த்தால் சுரண்டியின் தேவை விளங்கும். நெய்த சேலை சுற்றிக்கொள்ளும் படமரமும், பாவுக்கு இடையே ஓடும் நாடாவும் பட்டு இழையை ஓயாமல் தொடுகின்றன. பசை நீக்கிய பட்டின் தனி இழை 10 மைக்ரானை ஒட்டிய பருமனே உடையது என்பதால், கைக்குத் தட்டுப்படாத மரச்சிம்புகூட அதைக் கவ்வி இழுத்துவிடும். உப்புத்தாளால் தேய்ப்பது மேலோட்டமாக வழவழப்பைத் தந்தாலும், அதன் மணிகள் மர நார்களை வெட்டாமல் கிழித்துப் படுக்கவைக்கின்றன; ஈரக்காற்றுப் பட்டவுடன் படுத்த நார்கள் மீண்டும் எழும்பும். சுரண்டி நாரை வேரோடு வெட்டுவதால் எழும்ப ஒன்றும் மிச்சமிருப்பதில்லை.

சுரண்டி என்பது ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர் கனமுள்ள எஃகுத் தகடு. நல்ல பழைய கைரம்பத்தின் உடலிலிருந்து வெட்டியெடுத்தது இதற்கு மிகவும் ஏற்றது, ஏனெனில் அந்த எஃகு வில்போல வளையவும் அரத்துக்கு இணங்கவும் கூடியது. அதன் வெட்டும் வாய் தீட்டியதன்று, திருப்பியது. முதலில் தகட்டின் விளிம்பை அரத்தால் முகத்துக்குச் செங்குத்தாக்க வேண்டும். பிறகு சாணைக்கல்லில் விளிம்பையும் இரு முகங்களையும் அரத்தின் கீறல் போகும்வரை தேய்க்க வேண்டும். பின்னர் தகட்டைவிடக் கடினமான வழவழப்பான எஃகுக் கம்பியை விளிம்பின் மேல் அழுத்தி, 5 முதல் 10 பாகை சாய்வில் இழுக்க வேண்டும். அப்போது மூலை நசுங்கி வெளிப்புறம் கொக்கிபோலச் சாயும். விரல் நுனிக்கு மட்டும் தட்டுப்படும் அந்தப் பிசிறே வாய். வேறெந்தக் கருவியிலும் பிசிறு நீக்கப்பட வேண்டிய கழிவு. சுரண்டியில் அதுதான் வேலை செய்கிறது. சரியான பிசிறு இருந்தால் மரத்திலிருந்து பட்டுக் காகிதம்போல் சுருள் வரும். தூள் மட்டும் வந்தால் பிசிறு போய்விட்டது. நான்கைந்து முறை கம்பியாலேயே பிசிறை மீண்டும் எழுப்பலாம். அதன்பின் நசுங்கி இறுகிய உலோகம் ஒத்துழைக்காது, மறுபடி அரத்திலிருந்து தொடங்க வேண்டும். கம்பியில் ஒரு சொட்டு எண்ணெய் தடவாமல் இழுப்போருக்குப் பிசிறு கிழிந்து பல்லாகிவிடும். கையால் செய்யும் வேலைகளில் இதுவே பலரும் தவறவிடும் சிறு படி. உடைந்த கண்ணாடிச் சில்லைக் கொண்டு கைப்பிடிகளையும் வளைவுகளையும் சுரண்டுவதும் பழைய வழக்கமே. அதில் பிசிறு கிடையாது, கண்ணாடியின் இயற்கையான கூர்மூலை வெட்டுகிறது, மழுங்கினால் வேறு சில்லு எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

உலோகச் சுரண்டி வேறு வகை. வார்த்தெடுத்த வெண்கலத்தின் இடுக்குகளில் மூன்று மூலையுள்ள சுரண்டி பயன்படும். பழைய முக்கோண அரத்தின் பற்களைச் சாணையில் தேய்த்தெடுத்து அதைச் செய்துகொள்ளலாம், ஏனெனில் அரத்தின் எஃகு ஏற்கெனவே கடினமானது. லேத் இயந்திரப் படுகையின் வார்ப்பிரும்பைச் சமன் செய்யும் தட்டையான சுரண்டியோ கார்பைடு முனை உடையது. அதன் வாய் 90 பாகையைச் சற்றுத் தாண்டிய மழுங்கற்கோணத்தில் தீட்டப்படுகிறது. கூரான கோணம் வார்ப்பிரும்பில் ஆழமாகப் புதைந்து அதிரும். மழுங்கற்கோணம் மேட்டை மட்டும் மைக்ரான் கணக்கில் எடுக்கும். நீலச் சாயம் பூசிய சமதளப் பலகையில் பரப்பை உரசி, நீலம் ஒட்டிய மேடுகளை மட்டும் சுரண்டுவதே முறை. சமதளப் பலகையைத் தேய்த்துச் சரிசெய்வதைவிடச் சுரண்டுவதே மேல் என்று ஜோசப் விட்வொர்த் 1840இல் வாதிட்டார். கணினிவழி இயங்கும் இன்றைய உலோகவேலை இயந்திரங்களிலும் உயர்ந்த வகையினவற்றின் அடித்தளம் கையால் சுரண்டப்படுகிறது.

கல்லை வெட்டும் மின்கருவியில் வைர வட்டு வந்துவிட்டது. எஃகுத் தட்டின் விளிம்பில் பதித்த துண்டங்களில் செயற்கை வைர மணிகள் உலோகப் பொடியுடன் சேர்த்து இறுக்கப்பட்டிருக்கின்றன; உலோகப் பிணைப்புத் தேயத் தேயப் புதிய மணிகள் வெளியே தலைநீட்டும். கடினமான கல்லுக்குக் கடினமான வட்டு வேண்டும் என்று எவரும் நினைப்பர்; உண்மை தலைகீழ். கருங்கல் வைர மணியை விரைவில் மழுக்கிவிடும், ஆனால் பிணைப்பை மெதுவாகவே தேய்க்கும். எனவே அதற்கு மென்மையான பிணைப்பு வேண்டும். மணற்கல்லும் செங்கல்லும் பிணைப்பை அரித்துவிடும். அவற்றுக்குக் கடினமான பிணைப்பு வேண்டும். செங்கல்லுக்கான வட்டால் கருங்கல்லை வெட்டினால் விளிம்பு பளபளத்து வெட்டு நின்றுபோகும். வட்டு தீர்ந்துவிட்டது என்று அதை எறியும் முன், செங்கல்லிலோ மணற்கல்லிலோ சில முறை வெட்டி ஓட்டினால் பிணைப்புத் தேய்ந்து மணிகள் மீண்டும் எழும்.

பராமரிப்பில் முதற்பாடம் அழுக்கைப் பற்றியது. மழுங்கிவிட்டது என்று சாணைக்கு வரும் ரம்ப வட்டுகளில் கணிசமானவை மழுங்கியவையல்ல; பல்லின் முகத்தில் மரப்பிசினும் பசையும் கருகிப் படிந்தவை. படிவு பல்லின் கோணத்தை மாற்றி உராய்வையும் சூட்டையும் கூட்டுகிறது. வெதுவெதுப்பான சலவைச் சோடா நீரில் ஊறவைத்து மென்மையான தூரிகையால் தேய்த்து உலர்த்தினாலே பல வட்டுகள் மீண்டும் வெட்டும். காட்டமான காரங்கள் கோபால்ட் பிணைப்பைக் கெடுக்கக்கூடும் என்பதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

உண்மையிலேயே மழுங்கியதை அறிய விளக்கொளி போதும். வாயை ஒளிக்கு நேராகப் பிடித்தால் கூரான விளிம்பு ஒளியைத் திருப்பாது. வெள்ளைக் கோடு மின்னினால் அங்கே வாய் இல்லை. அந்நிலையிலும் வேலையைத் தொடர்வது பொருளாதாரத்துக்குப் பொருந்தாது, ஏனெனில் சற்று மழுங்கியபோது தீட்டினால் நூலளவு உலோகமே போகும். முழுதும் உருண்டபின் தீட்டினால் வாயில் ஒரு பகுதியையே தேய்த்தெறிய நேரும்.

சாணைக்கல்லைத் தேர்வதிலும் பொருளறிவு வேண்டும். முற்காலத்துச் சாணை, குருந்தக்கல் பொடியை அரக்கில் குழைத்து உருட்டியது. நாமக்கல் பகுதியின் சித்தம்பூண்டியில் குருந்தம் கிடைத்தது. அதே அலுமினிய ஆக்சைடுதான் இன்று செயற்கையாகச் செய்யப்பட்டுச் சாம்பல், வெள்ளை நிறச் சாணைச் சக்கரங்களாக விற்கிறது. 1954இல் நிறுவப்பட்ட சென்னையின் கார்போரண்டம் யுனிவர்சல் போன்ற நிறுவனங்கள் இவற்றைத் தயாரிக்கின்றன. எஃகுக்கு இது சரி. விடியா முனைக்கு இது போதாது; கார்பைடைவிடக் கடினமான பச்சை நிறச் சிலிக்கன் கார்பைடு சக்கரமோ, அதனினும் மேலாக வைரச் சக்கரமோ வேண்டும். சாம்பல் சக்கரத்தில் விடியாவைத் தேய்ப்பவர் முனையைச் சுற்றியுள்ள எஃகைத்தான் தேய்க்கிறார்.

கிரைண்டரில் தீட்டும்போது கரி எஃகின் வாயில் நீலம் ஓடினால் அந்த இடத்தின் கடினம் போய்விட்டது. நீலம் மறையத் தேய்த்தாலும் மென்மை உள்ளே தங்கும், அந்த மென்மை இறங்கிய ஆழம் முழுவதையும் தேய்த்தெடுத்தாலொழிய வாய் நிற்காது. ஆகவே கரி எஃகை நொடிக்கொருமுறை தண்ணீரில் தொட்டுத் தொட்டுத் தேய்க்க வேண்டும். ஹைஸ்பீடு ஸ்டீலையும் கார்பைடையும் சூடானபின் தண்ணீரில் போடவே கூடாது. அவை மயிரிழை வெடிப்புக் காணும், அந்த வெடிப்பு இயந்திரத்தில் ஓடும்போதுதான் வெளிப்படும்.

110 மில்லிமீட்டர் வட்டு நிமிடத்துக்கு 12,000 சுற்று ஓடும் மார்பிள் கட்டரில், விளிம்பின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 69 மீட்டர், அதாவது மணிக்கு 250 கிலோமீட்டருக்கு அருகில். அந்த வேகத்தில் தெறிக்கும் துண்டம் பேராபத்தானது. காப்புத்தகட்டைக் கழற்றிவிட்டு வேலை செய்யும் வழக்கம் நம் பட்டறைகளில் இன்னும் பரவலாக இருப்பதை எந்த அவசரத்தாலும் நியாயப்படுத்த முடியாது. மரம் அறுக்கும் பல் வட்டை ஆங்கிள் கிரைண்டரில் மாட்டுவது அதைவிடக் கொடியது. கருங்கல்லை உலர வெட்டும்போது எழும் சிலிக்காத் தூள் நுரையீரலில் தங்கி, ஆற்ற முடியாத சிலிக்கோசிஸ் நோயை உண்டாக்கும் என்பதால் நீர் ஊற்றியே வெட்ட வேண்டும். நீர் ஊற்ற முடியாத இடத்தில் வடிகட்டி முகமூடி இன்றி வேலையைத் தொடங்கலாகாது. வட்டின் முகத்தில் அதன் உச்சச் சுழற்சி எண் அச்சிடப்பட்டிருக்கும்; அந்த எண் இயந்திரத்தின் எண்ணைவிடக் குறைவாக இருந்தால் அவ்வட்டை அந்த இயந்திரத்தில் மாட்டக் கூடாது.